அம்மா கேட்டதும் நாங்கள் சொல்லாமல் விட்டதும்

2022 பங்குனி மாதக் கடைசியில், இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்ட நாட்களில் ஓர் இரவு, யாழ்ப்பாணத்துக் கொண்டாவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் அம்மாவுக்கு நான் பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தேன். வலிக்கான மருந்தைக் கொடுத்து இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது. அடுத்தது விடியற்காலையில்தான் என்று மருந்துத் துண்டில் எழுதியிருந்தது. நெடுநேரம் கண்ணை மூடிக் கிடந்த அம்மா, "பிள்ளை, அந்த டொக்டரிட்டச் சொல்லி எனக்கொரு ஊசியைப் போட்டுவிடச் சொல்லன். நானும் போய்ச் சேர்ந்திடுவன், உங்களுக்கும் கரைச்சல் இல்லை" என்றார். "சும்மா விசர்க்கதை கதையாதேங்கோ அம்மா, உங்களுக்கு எல்லாம் சுகம் வரும்" என்று நான் சொன்னேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். விடியும் வரை என்னோடு ஒரு சொல்லும் பேசவில்லை.

அந்தப் பதிலைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அம்மா காலமாகி ஆண்டுத் திவசமும் முடிந்தபின், 2023 மார்கழி விடுமுறையில் அக்கா சுவிற்சர்லாந்திலிருந்து வந்திருந்தார். அப்போது அவரும் அப்பாவும் நானும் சேர்ந்து 'பிளாக்பேர்ட்' என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்தோம். 2019 இல் ரோஜர் மிச்செல் இயக்கிய படம். 2014 இல் பில்லே ஆகஸ்ட் டென்மார்க்கில் எடுத்த 'சைலன்ட் ஹார்ட்' என்ற படத்தின் கதைதான் அது, இரண்டுக்கும் எழுத்து ஒருவருடையதே. ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோயால் உடல் ஒவ்வோர் உறுப்பாகச் செயலிழந்துவரும் ஒரு தாய், விழுங்கவும் மூச்சு விடவும் முடியாத நிலை வருவதற்கு முன்னர் தானே தன் முடிவுக்கு ஒரு நாளைக் குறித்து, கணவன், இரண்டு மகள்மார், மருமகன், பேரன், பழைய சிநேகிதி எல்லோரையும் கடற்கரை வீட்டுக்கு அழைக்கிறாள். வைத்தியரான கணவன் அதற்கு ஒழுங்குகள் செய்திருக்கிறார். சூசன் சரண்டன் தாயாகவும் கேட் வின்ஸ்லெட் மூத்த மகளாகவும் நடித்திருக்கிறார்கள். அந்த இரண்டு மூன்று நாட்களுக்குள் மூத்தவளின் ஒழுங்கும் இளையவளின் கோபமும் உடைந்து, இவ்வளவு காலமும் பேசாமல் வைத்திருந்தவை எல்லாம் வெளியில் வருகின்றன.

படத்தின் முதற்பாதியிலேயே அப்பா எழுந்து போய் விறாந்தையில் இருந்துவிட்டார். படம் பிடிக்கவில்லையாக்கும் என்று நாங்கள் நினைத்தோம். சிறிது நேரத்தில் திரும்பி வந்து, கதவு நிலையில் கையை வைத்துக்கொண்டு, "அந்த மனுசிக்குத் தனக்கு என்ன வருத்தமெண்டு தெரியும். வீட்டில எல்லாருக்கும் தெரியும். கொம்மாவுக்கு நாங்கள் நாலு மாசமாச் சொல்லாமல் வைச்சிருந்தனாங்கள்" என்றார். அந்தப் படத்தைப் பற்றி நான் பின்னர் வாசித்த விமர்சனங்கள் எதிலும் இதைவிடச் சரியான ஒரு வார்த்தையைக் காணவில்லை. இறப்பதற்கு ஒருவருக்கு உரிமை உண்டா என்ற கேள்வியோடு அந்தப் படம் தொடங்குகிறது. அந்தக் கேள்விக்கு வருவதற்கு முன்னர் ஒரு குடும்பம் கடந்திருக்க வேண்டிய தூரத்தை அந்த வீட்டார் ஏற்கெனவே கடந்துவிட்டிருந்தார்கள், நாங்கள் கடக்கவில்லை.

அம்மாவுக்கு 2021 கார்த்திகையில் கண் மஞ்சளாகியது. செங்கண்மாரி என்று நினைத்துக் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்தோம். மாறவில்லை. உடல் மெலிந்து, மேல் வயிற்றில் தொடங்கிய நோவு முதுகுக்கு ஊடுருவத் தொடங்கியபின்னர்தான் ஸ்கான் எடுத்தோம். சதையியில் (கணையத்தில்) புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். பித்தக்குழாயில் ஒரு சிறு குழாய் வைத்ததும் மஞ்சள் இறங்கியது, அம்மாவும் கொஞ்சம் தெளிந்தார். அந்தத் தெளிவைக் கண்டவுடனேயே, "அம்மாவுக்கு ஒருத்தரும் சொல்லிப்போடாதேங்கோ" என்ற முடிவை எடுத்துவிட்டோம். அக்கா தொலைபேசியில் அழுது அழுது அதைத்தான் சொன்னார். கனடாவில் இருக்கும் தம்பியும் அதைத்தான் சொன்னான். சித்தப்பாவும் மாமியும் சொன்னார்கள். பக்கத்தில் இருந்து பார்க்கும் எனக்கும் அதுவே இலகுவாக இருந்தது. ஒரு வைத்தியசாலையில் வார்ட்டுக்கு வந்த வைத்தியர், கட்டிலில் விழித்துக்கொண்டிருந்த அம்மாவின் தலைக்கு மேலாக என்னோடு ஆங்கிலத்தில் கதைத்துவிட்டுப் போனார். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "குடலிலை புண்ணாம், மருந்துக்கு மாறுமாம்" என்று நான் மொழிபெயர்த்தேன்.

எங்கள் பக்கத்தில் இந்த மறைப்பை அன்பு என்றுதான் எல்லோரும் கருதுகிறார்கள், நானும் அப்படித்தான் கருதினேன். ஆனால் அது நோயாளிக்கு என்ன செய்கிறது என்பதை, சித்திரை மாதம் தெல்லிப்பழை வைத்தியசாலையில் உள்ள புற்றுநோய்ப் பிரிவின் கிளினிக்கில் இருந்த ஒரு பெண் வைத்தியர்தான் எனக்குக் காட்டினார். அவர் எங்களுக்கு எதையும் போதிக்கவில்லை. கதிரையை அம்மாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு இருந்து, கையைப் பிடித்து, "அம்மா, உங்கட வருத்தத்தைப் பற்றி நீங்கள் என்ன நினைச்சுக்கொண்டிருக்கிறியள்?" என்று கேட்டார். அவ்வளவுதான். அம்மா தயங்கவே இல்லை. "புற்றுநோயெண்டு தெரியும் டொக்டர். வாசலில எழுதின போர்டை நானும் வாசிச்சனான்தானே. எனக்குத் தெரியாதெண்டு இவையள் நினைச்சுக்கொண்டிருக்கினம். பாவங்கள், அவையளின்ர மனம் நோகக்கூடாதெண்டு நானும் கேக்கேல்லை" என்றார்.

நாங்கள் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்த நான்கு மாதங்களும் அவர் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். யாரிடமும் எதுவும் கேட்க முடியாமல், பயத்தைச் சொல்ல முடியாமல், தனியாகக் கிடந்து யோசித்து யோசித்து, கடைசியில் அந்த இருட்டில் ஓர் ஊசியைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அதற்கும் நான் விசர்க்கதை என்று பதில் சொன்னேன்.

இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். உண்மையை ஒரே நாளில் தலையில் கொட்ட வேண்டியதில்லை. நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும், இன்னும் எவ்வளவு தெரிய விரும்புகிறார் என்று கேட்டுவிட்டு, அவர் கேட்ட அளவுக்குச் சொன்னால் போதும். சிலர் "எனக்கு வேண்டாம், மகனோட கதையுங்கோ" என்பார்கள். அதுவும் அவர்களுடைய தெரிவே. வைத்தியரோடு கதைக்கும்போது நோயாளியை வெளியில் இருத்திவிட்டுப் போகாதீர்கள். நோயாளியின் முன்னால் ஆங்கிலத்தில் கதைத்தால், "அம்மாவுக்கும் விளங்கும்படி தமிழில் சொல்லுங்கோ" என்று கேட்பதற்கு வெட்கப்படவும் வேண்டாம். நான் அதைக் கேட்கத் துணிவதற்கு ஐந்து மாதம் சென்றது.

ஊசி பற்றிய கேள்வியையும் அன்று அந்த வைத்தியரிடம் நானே சொன்னேன். அவர் அதிரவில்லை. அம்மாவின் பக்கம் திரும்பி, "எந்த நேரத்திலை அந்த எண்ணம் கூட வாறது?" என்று கேட்டார். இரவில்தான் என்றார் அம்மா. பிறகு ஒவ்வொன்றாக வந்தது: இரவு இரண்டு மணிக்கு மேல் முதுகுநோவு தாங்க முடியவில்லை, கக்கூசுக்குப் போக என்னை எழுப்ப மனமில்லை, பகலெல்லாம் பாடசாலையில் நின்று படிப்பித்துவிட்டு வந்து இரவிலும் நித்திரையில்லாமல் நான் கண்ணுக்கு முன்னால் மெலிந்துகொண்டு போகிறேன், நோவு இன்னும் கூடினால் என்ன செய்வது என்று பயம். லண்டனில் 1967 இல் முதலாவது நவீன நோய்த்தணிப்பு இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ் என்ற வைத்தியர், இறப்பை நெருங்கியவரின் வலி உடலில் மட்டும் இருப்பதில்லை, மனத்திலும் உறவுகளிலும் ஆன்மாவிலும் சேர்ந்தே இருக்கிறது என்று சொல்லியிருந்ததைப் பின்னர்தான் அறிந்தேன். அன்று அந்தச் சிறிய கிளினிக் அறையில் நான் கண்டது அதையேதான். சாக வேண்டும் என்ற ஒரு வசனத்துக்குள் நான்கு வேறு வேறு முறைப்பாடுகள் இருந்தன. நான்கில் மூன்றுக்கு அன்றைக்கே ஏதாவது செய்யக்கூடியதாகவும் இருந்தது.

நோவுக்கு மோர்பின் குளிசை தொடங்கினார்கள். அரச வைத்தியசாலை என்பதால் செலவில்லை. மோர்பின் என்ற பெயரைக் கேட்டதும் எங்கள் வீட்டில் எழுந்த பயத்தைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். "அது கடைசி மருந்தல்லோ", "பழக்கமாகிப் போடும்", "மூச்சை நிப்பாட்டிப் போடும்" என்றெல்லாம் உறவினர் சொன்னார்கள். சித்தப்பா அதைக் கொடுக்கவே வேண்டாம் என்றார். உண்மையில், நோவுக்காக, வைத்தியர் சொன்ன அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கும்போது மோர்பின் ஆளைக் கொல்வதில்லை, போதைக்கு அடிமையாக்குவதும் அரிது. உலக சுகாதார நிறுவனம் 1986 ஆம் ஆண்டிலேயே, புற்றுநோய் வலிக்கு மருந்தை வாயால் கொடுங்கள், மணிக்கூட்டைப் பார்த்துக் கொடுங்கள் என்று வழிகாட்டியிருக்கிறது. எங்கள் தவறு அதுவரை நோவு வந்தபின்னர் மருந்து கொடுத்ததுதான். நோவு ஏறியபின் அதை இறக்குவது மிகக் கடினம். ஏற விடாமல் வைத்திருப்பது இலகு. அம்மாவுக்கு நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்று நேரம் குறித்துத் தந்தார்கள். நித்திரையைக் குழப்பாமல் இருப்பதற்காக இரவு பத்து மணிக் குளிசையை இரட்டிப்பாகக் கொடுக்கச் சொன்னார்கள். இடையில் நோவு பொத்துக்கொண்டு வந்தால் கொடுப்பதற்கு மேலதிகமாகவும் தந்திருந்தார்கள். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கமும் ஓங்காளமும் இருந்தன, பின்னர் அடங்கிவிட்டன. அடங்காதது மலச்சிக்கல். மோர்பின் தொடங்கும் அன்றைக்கே மலமிளக்கியையும் தொடங்க வேண்டும். வைத்தியர் எழுத மறந்தால் நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

ஒரு பழைய பாடசாலைக் கொப்பியில் கோடு போட்டு, மருந்து கொடுத்த நேரம், நோவு பத்துக்கு எத்தனை, வயிறு போனதா, எவ்வளவு நேரம் நித்திரை என்று எழுதி வந்தேன். நான் கணிதம் படிப்பிக்கிறவள் என்பதால் எழுதுவது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது. ஆனால் உண்மையான பயன் கிளினிக்கில்தான் தெரிந்தது: "பரவாயில்லை டொக்டர்" என்று சொல்லும் பழக்கமுள்ள அம்மாவின் வாய்க்குப் பதிலாக அந்தக் கொப்பி பேசியது, அளவும் அதைப் பார்த்தே கூட்டப்பட்டது. எரிபொருள் தட்டுப்பாட்டில் ஓட்டோ கிடைக்காத கிழமைகளில் அம்மாவை அழைத்துப் போகாமல், அந்தக் கொப்பியை மட்டும் கொண்டு நான் சைக்கிளில் தெல்லிப்பழைக்குப் போய் மருந்து எடுத்து வந்திருக்கிறேன்.

மோர்பின் தொடங்கி இரண்டாம் கிழமை அம்மா ஆறு மணித்தியாலம் தொடர்ந்து நித்திரை கொண்டார். அதன்பின் ஊசியைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. இதைச் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: வலி தணிந்தால் எல்லோருமே அந்த எண்ணத்தைக் கைவிட்டுவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. படத்தில் வரும் தாயின் நோய் வேறு. ஏ.எல்.எஸ். நோயில் அறிவும் உணர்வும் பெரும்பாலும் தெளிவாக இருக்க, உடல் மட்டும் பூட்டப்பட்டுக்கொண்டே போகும். அவளுடைய அச்சம் மோர்பினால் தீரக்கூடியது அன்று. அவளை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவள் தன் முடிவை எடுத்த இடம் எத்தகையது என்று பாருங்கள். உண்மை முழுவதும் தெரியும், வீட்டுக்குள்ளேயே ஒரு வைத்தியர் இருக்கிறார், காசுக்குக் குறைவில்லை, தன்னைப் பார்ப்பதற்கு ஆளில்லையே என்ற பயமில்லை. அவற்றில் ஒன்றுமே இல்லாமல், இரவு இரண்டு மணிக்கு நோவோடும் குற்றவுணர்வோடும் தனித்துக் கிடக்கும் ஒருவர் சாவைக் கேட்டால், அதைத் தெரிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அக்காவோடு இதைப் பற்றி நெடுநேரம் கதைத்திருக்கிறேன். அவர் வாழும் சுவிற்சர்லாந்தில், சுயநல நோக்கமில்லாமல் ஒருவரின் முடிவுக்கு உதவுவது குற்றமாகாது என்ற நிலை 1942 இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. மருந்தை நோயாளி தன் கையாலேயே எடுக்க வேண்டும். தம்பி வாழும் கனடாவில் 2016 முதல் வைத்திய உதவியுடனான இறப்புக்குச் சட்டம் உண்டு. எங்கள் பிள்ளைகளும் சகோதரங்களும் அந்த நாடுகளில் வாழ்வதனால், யாழ்ப்பாணத்து வீடுகளிலும் இந்தக் கேள்வி இப்போது தொலைபேசி வழியாக வந்து சேருகிறது. இந்தியாவில் 2018 இல் உச்ச நீதிமன்றம், மீள முடியாத நிலையில் செயற்கையாக உயிரை நீடிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைப்பதை ஏற்றுக்கொண்டது. எங்கள் நாட்டின் தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கியிருந்த பிரிவு 1998 இல் நீக்கப்பட்டது. ஆனால் இன்னொருவரின் தற்கொலைக்கு உடந்தையாக இருப்பது இன்றும் மிகப் பாரதூரமான குற்றம். எனவே அம்மா கேட்ட ஊசியை இங்கு எந்த வைத்தியரும் போட முடியாது, போடும்படி அவரைக் கேட்கவும் கூடாது.

ஆனால் சிகிச்சையை வேண்டாம் என்பது வேறு, உயிரை எடுப்பது வேறு. அந்த வேறுபாட்டை வைத்தியர் விளங்கப்படுத்தியபோதுதான், அம்மாவுக்குத் தெரிவு செய்வதற்கு எவ்வளவோ இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்தது. கீமோவுக்காக மகரகமவில் உள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கொண்டுபோவோமா என்று அதுவரை நாங்கள்தான் எங்களுக்குள் வாதாடிக்கொண்டிருந்தோம். முதன்முறையாக அம்மாவிடம் கேட்டோம். அதனால் சில கிழமைகளோ மாதங்களோ கூடலாம், நோய் மாறாது என்பதை வைத்தியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "நான் என்ர வீட்டிலை கிடக்கிறன்" என்றார். மூக்கால் குழாய் போட வேண்டாம் என்றார். மூச்சுத் திணறினால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டாம், அந்தக் குளிசையைக் கூட்டித் தரச் சொல்லுங்கள் என்றார். தாலிக்கொடியை அழித்து மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகக் கொடுக்கச் சொன்னார். தம்பி வரும்வரைக்கும் தனக்குத் தெளிவு இருக்க வேண்டும் என்றார். வடக்கிருந்து உயிர்விடத் துணிந்த கோப்பெருஞ்சோழன், தான் நேரில் கண்டே இராத பிசிராந்தையாருக்கு ஓர் இடம் ஒதுக்கி வைக்கச் சொன்னதைப் பாடசாலையில் படித்தபோது அது நட்பின் பெருமையாக மட்டுமே எனக்குத் தெரிந்தது. போகிறவர் யாருக்காகவோ காத்துக் கிடப்பது எப்படியிருக்கும் என்பதை அம்மாவின் கட்டிலருகில்தான் கண்டேன்.

தம்பி ஆடி மாதம் வந்தான். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வாகனம் பிடிக்க முடியாமல் புகையிரதத்தில் வந்து சேர்ந்தபோது ஆடிப்பிறப்புக் கழிந்து நான்கு நாட்களாகிவிட்டன. அம்மா, "இண்டைக்கு ஆடிக்கூழ் காய்ச்சுங்கோ, அவன் குடிச்சு எத்தினை வருசம்" என்றார். எரிவாயு இல்லை, அப்பா முற்றத்தில் கல்லு வைத்து விறகு மூட்டினார். நான் பயறு வறுத்தேன், மாமி கொழுக்கட்டை அவித்தார். அம்மாவைக் கதிரையில் இருத்தி, தலையணை முட்டுக்கொடுத்து முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். அவர் குடித்தது இரண்டு கரண்டிதான். ஆனால் கூழில் தேங்காய்ச் சொட்டுக் காணாது என்று என்னிடம் சொல்லுமளவுக்கு அன்று தெளிவாக இருந்தார். படத்தில் அந்தத் தாய், காலம் தவறிய கிறிஸ்மஸ் ஒன்றைக் கொண்டாடச் செய்து, மரம் வைத்து, எல்லோருக்கும் பரிசு கொடுக்கிறாள். அந்தக் காட்சியில் அக்கா என் கையைப் பிடித்தார். கூழ் காய்ச்சிய அன்று வேலையால் வர முடியாமல், தொலைபேசித் திரையில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

ஆவணி நெருங்கியபோது அம்மாவுக்கு இன்னொரு கவலை பிடித்துக்கொண்டது. நல்லூர் கொடியேறி 25 நாள் திருவிழா நடக்கும் காலத்துக்குள் தான் போய்விட்டால், எங்கள் எல்லோருக்கும் துடக்கு, கோயிலுக்குப் போக முடியாது. "ஒண்டில் கொடிக்கு முதல் போகவேணும், இல்லாட்டித் தீர்த்தம் முடியவேணும்" என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். இதைத்தான் எங்கள் ஊரில் நாள் குறித்தல் என்று நான் சொல்வேன். மற்றவர்களின் கோயிலும் கலியாணமும் பரீட்சையும் குழம்பாமல் போக வேண்டும் என்று எத்தனையோ தாய்மார் நேர்ந்துகொண்டு கிடந்திருக்கிறார்கள். "அம்மா, நாங்கள் அடுத்த வருசம் போவம். நீங்கள் அதைப்பற்றி யோசியாதேங்கோ" என்றார் அப்பா. அம்மா அவரை நெடுநேரம் பார்த்துவிட்டு, சரி என்பதுபோலத் தலையசைத்தார். போவதற்கு அனுமதி கொடுத்த அந்த ஒரு வார்த்தையை, அப்பா எங்கிருந்து எடுத்தார் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

கடைசிக் கிழமைகளைப் பற்றி யாராவது எனக்கு முன்னரே சொல்லியிருந்தால் பயம் பாதியாகக் குறைந்திருக்கும். சாப்பாடு நின்றுபோகும். நெஸ்டமோல்ட்டும் முந்திரிகைப்பழமும் கொண்டுவரும் சொந்தக்காரர், "சாப்பிடாமல் விட்டிட்டு இருக்கிறியளே" என்று பேசுவார்கள். அன்னமுன்னா இலை அவித்துக் கொடுத்தால் மாறும் என்பார்கள். உடல் போக ஆயத்தமாகும்போது பசி தானாக அடங்குகிறது; திணித்தால் புரைக்கேறி நெஞ்சுக்குள் போகும். வாயை மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, உதட்டில் தேங்காயெண்ணெய் பூசுவதுதான் அப்போது கொடுக்கக்கூடிய ஆகச் சிறந்த சாப்பாடு. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்தால் படுக்கைப்புண்ணைத் தடுக்கலாம். மின்சாரத்தால் இயங்கும் காற்று மெத்தையை அக்கா காசனுப்பி வாங்கினோம். மின்தடையில் அது காற்று இறங்கிக் கட்டாந்தரையைப்போல் ஆகிவிடும் என்பதால், கைகளைத்தான் நம்ப வேண்டியிருந்தது. வருவோரின் எண்ணிக்கையைக் குறைக்க, மாலை நான்கிலிருந்து ஐந்து வரை என்று படலையில் எழுதித் தொங்கவிட்டேன். சிலர் கோபித்தார்கள். அம்மா நித்திரை கொண்டார்.

கொடியேறி ஒன்பதாம் நாள் காலையில் கையும் காலும் குளிர்ந்தன. தொண்டையில் கரகரவென்ற ஒரு சத்தம். மூச்சு நின்று, நாங்கள் முடிந்தது என்று நினைக்கும்போது திரும்பத் தொடங்கும். வைத்தியர் இவற்றையெல்லாம் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நாங்கள் வைத்தியசாலைக்கு ஓடவில்லை. ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வைத்தோம், சத்தம் குறைந்தது. காது கடைசி வரைக்கும் கேட்கக்கூடும் என்பதால் கட்டிலடியில் யாரும் ஒப்பாரி வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். சித்தப்பா சிவபுராணம் படித்தார். மாமி பால் பருக்க வேண்டும் என்றார். விழுங்க முடியாத தொண்டையில் பாலை ஊற்றினால் மூச்சடைக்கும் என்று நான் பயந்தேன். மாமியின் மனத்தையும் நோகப்பண்ண விரும்பவில்லை. பஞ்சைப் பாலில் நனைத்துப் பிழிந்து, ஒவ்வொருவராக உதட்டில் ஒற்றினோம். அப்பா ஒற்றிவிட்டு எழுந்த சிறிது நேரத்தில் அடுத்த மூச்சு வரவில்லை.

கிளினிக் கொப்பியும் மருந்துத் துண்டுகளும் ஒரே உறையில் ஆயத்தமாக இருந்ததனால், வீட்டில் நிகழ்ந்த மரணம் என்றாலும் விசாரணை, அலைச்சல் எதுவும் இருக்கவில்லை. கிராம சேவையாளருக்கு அறிவித்துப் பதிவு வேலைகளை முடித்தோம். மிஞ்சிய மோர்பின் குளிசைகளை எண்ணி, தெல்லிப்பழைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவற்றை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அந்த ஆண்டு நாங்கள் ஒருவரும் தேருக்குப் போகவில்லை.

படம் பார்த்த மறுநாள் அப்பா கடைக்குப் போய் ஒரு சீஆர் கொப்பி வாங்கி வந்தார். தபாலதிபராக இருந்தவரின் ஒழுங்கான கையெழுத்தில் இலக்கமிட்டு எழுதத் தொடங்கினார். முதலாவது, தன் நோய் எதுவானாலும் தனக்கே முதலில் சொல்ல வேண்டும். இரண்டாவது, வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் போனால் மகள் வேலையை விடக் கூடாது, ஆள் வைத்துப் பார்க்க வேண்டும், அதற்கான காசு எந்த வங்கிக் கணக்கில் இருக்கிறது என்பது. மூன்றாவது, கிணற்றடிக் கறுத்தக்கொழும்பான் மாமரத்தை யாரும் வெட்டக் கூடாது. ஏழாம் இலக்கம் வரை எழுதி, அக்காவுக்கும் எனக்கும் வாசித்துக் காட்டி, இருவரையும் கையெழுத்து வைக்கச் சொன்னார். இந்தக் கொப்பிக்கு நீதிமன்றத்தில் என்ன பெறுமதி என்பது வேறு விடயம். அதை எழுதும்போது நாங்கள் கதைத்தவற்றை இனி யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. குழாய் போடுவதா இல்லையா என்ற எட்டாம் இலக்கத்துக்கு நேரே மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறார். பக்கவாதம் வந்து பிறகு தேறக்கூடிய நிலையென்றால் என்ன செய்வது என்று வைத்தியரிடம் கேட்ட பின்னர்தான் எழுதுவாராம். அடுத்த பிரஷர் கிளினிக் புதன்கிழமை. கொப்பியையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.